இறந்தவர் போட்ட கையெழுத்து

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் 53 வயதுப் பொறியாளர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் நானே நீக்கிவிட்டேன். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் மட்டும் இங்கே.

அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்தில் புவியியல் ஆசிரியராக இருந்தவர். தென் துருவத்துக்குப் போய்த் திரும்பி வராத கேப்டன் ஸ்காட்டின் கதையை வகுப்பிலும் சொல்வார், இரவுச் சாப்பாட்டின்போதும் சொல்வார். மகன் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், துருவப் பயணிகளும் மலையேறிகளும் எழுதிய நூல்களின் முதற்பதிப்புகளை, அதிலும் ஆசிரியர் கையெழுத்து உள்ள பிரதிகளை, வாங்கத் தொடங்கினார். இன்று 31 புத்தகங்கள் இருக்கின்றன. கேள்வி மூன்றைப் பற்றியது.

முதலாவது, ஸ்காட்டின் கடைசிப் பயணத்தைச் சொல்லும் 1913ஆம் ஆண்டின் இரண்டு தொகுதிகள். முதல் தொகுதியின் முன்தாளில் மையில் ‘ஆர். ஸ்காட்’ என்ற கையெழுத்து. ஐந்தரை ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு தனிநபரிடம் 2,600 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார். “தாத்தாவின் அலமாரியிலேயே இருந்தது, கேப்டன் ஸ்காட்டே கையெழுத்திட்டது” என்று விற்றவர் எழுதியிருந்தார். ஒரு சான்றிதழும் கொடுத்தார். இரண்டாவது, துருவப் பயணி ஷாக்கிள்டன் எழுதி, அவரே கையெழுத்திட்ட ‘சவுத்’ என்ற நூல், 1919. புத்தகச் சந்தையில் ஒரு வணிகரிடம் பதினொரு மாதங்களுக்கு முன் வாங்கியது. மூன்றாவது, எவரெஸ்ட் ஏற்றம் பற்றி, அந்தக் குழுவின் தலைவர் ஜான் ஹண்ட் 1953இல் எழுதிய நூல். ஹண்ட், ஹிலரி, டென்சிங் மூவரின் கையெழுத்துகளோடு ஏலத்தில் எடுத்தது.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் ஸ்காட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, “இது கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறதே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. பணம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து போயிருக்கிறது. மனைவிக்கு விலை தெரியாது. “பழைய பென்சில் கிறுக்கல்களை அழித்துச் சுத்தம் செய்து, எனக்கு விற்றவர் எழுதிய விவரத்தையே அப்படியே போட்டு இன்னொரு சேகரிப்பாளருக்கு விற்றுவிடட்டுமா? நான் புதிதாக எந்தப் பொய்யும் சொல்லவில்லையே? மற்ற இரண்டும் போலியாக இருந்தால் என்ன செய்வது? நான்கு ஆண்டுகளில் ஊர் திரும்புகிறேன், புத்தகங்களைக் கொண்டு போகலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

ஒப்பந்தத் தகராறுகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். எனக்கும் வீட்டில் ஒரு சின்ன அலமாரி உண்டு, அதில் நான் ஏமாந்து வாங்கிய புத்தகமும் ஒன்று உண்டு. அதனால் உங்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்தில் சில விதிகள் வேறு.

முதலில் நாட்காட்டி

ஸ்காட்டின் நாட்குறிப்பில் கடைசிப் பதிவு 1912 மார்ச் 29. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று தேடிப் போன குழு அவருடைய கூடாரத்தைக் கண்டது. செய்தி வெளியுலகுக்கு எட்டியது 1913 பிப்ரவரியில். அதற்குப் பிறகுதான் அவருடைய குறிப்புகளை லெனார்ட் ஹக்ஸ்லி ஒழுங்குபடுத்த, ஸ்மித் எல்டர் நிறுவனம் அந்த இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. அந்தப் புத்தகத்தை ஸ்காட் கண்ணால் பார்த்ததே இல்லை. உங்கள் நண்பர் ‘சந்தேகமாக இருக்கிறது’ என்று சொன்னது வெறும் மரியாதைக்கு.

கதையின் முடிவு உங்களுக்குப் பள்ளி வயதிலேயே தெரியும். கையெழுத்தைப் பார்த்ததும் முடிவு மறந்துவிட்டது. இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கிறது, அதை நம்பித்தான் போலிக்காரர்களும் பிழைக்கிறார்கள்.

அவசரப்பட்டு ‘போலி’ என்று எழுதுவதற்கு முன் வேறு மூன்று வாய்ப்புகளையும் பார்த்துவிடுவது என் வழக்கம். அந்தக் காலத்து நூல்களில் ஆசிரியரின் படத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தை அச்சிட்டிருப்பார்கள்; அதை நிஜக் கையெழுத்து என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. பழைய கடிதம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த உண்மையான கையெழுத்தைப் பிற்காலத்தில் யாராவது முன்தாளில் ஒட்டியிருக்கலாம். அப்படியென்றால் அந்தத் துண்டுக்கே நல்ல மதிப்பு உண்டு. அல்லது வேறொரு ஸ்காட் கையெழுத்திட்டிருக்கலாம். அவருடைய மனைவி கேத்லீன் ஸ்காட் நீண்ட காலம் வாழ்ந்தவர். லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் ஸ்காட்டின் சிலையைச் செதுக்கியவரே அவர்தான். நீங்கள் அனுப்பிய பெரிதாக்கிய படங்களில் மை நேரடியாகத் தாளின் நாரில் ஊறியிருக்கிறது. ஒட்டிய தடமும் இல்லை, அச்சின் சீரான புள்ளிகளும் இல்லை. எழுத்து தெளிவாக ‘ஆர்’. ஆகவே மூன்று வாய்ப்பும் போயிற்று.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் முகவரி இல்லை, கையொப்பமிட்டவர் யார் என்று தெரியவில்லை, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்ற குறிப்பும் இல்லை. தங்க நிற முத்திரை மட்டும் இருக்கிறது. சான்றிதழின் மதிப்பு அதைக் கொடுத்தவரின் மதிப்புதான். கொடுத்தவரே இல்லாத சான்றிதழ் ஒரு தாள்.

விற்றவரிடம் நீங்கள் கேட்கக்கூடியது

கடிதத்தில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்கியவருக்குத்தான். உங்களுக்கு விற்றவர் தனிநபர் என்றால் அது இங்கே பொருந்தாது. ஆனால் கைவிடப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற 1979ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தனிநபர் விற்பனைக்கும் உண்டு. பொய்யான விவரத்தை நம்பி வாங்கியவருக்கு 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டமும் இழப்பீட்டுக்கு வழி தருகிறது. தான் சொன்னதை உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று காட்ட வேண்டிய சுமை அங்கே விற்றவர் தலையில்தான் விழுகிறது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. வாங்குவதற்கு முன் நீங்கள் அவருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஒரு வரி இருக்கிறது: “நானும் இதில் விவரம் தெரிந்தவன்தான், படங்களைப் பார்த்தே முடிவு செய்துகொண்டேன்.” எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அடிக்கோடு போடப்போவது இந்த வரிக்குத்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உண்டு. கேப்ரியேல் முன்டர் என்ற ஜெர்மானிய ஓவியரின் படம் என்று 6,000 பவுண்டுக்குக் கைமாறியது, பின்னால் போலி என்று தெரிந்தது. வாங்கியவர் அந்த வகை ஓவியத்தில் நிபுணர். விற்றவரோ தனக்கு அதில் விவரம் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். வாங்கியவர் தன் கண்ணைத்தான் நம்பினார், விற்றவரின் விவரத்தை அல்ல என்று வழக்கு தோற்றது. உங்கள் நிலை அவ்வளவு மோசமில்லை. உங்களுக்கு விற்றவர் ‘தெரியாது’ என்று சொல்லவில்லை, தாத்தாவின் அலமாரிக் கதையையே சொன்னார். ஆனாலும் அந்த மின்னஞ்சலை மறைக்க நினைக்காதீர்கள். அது அவரிடமும் இருக்கிறது.

“ஆண்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே, அது என் முட்டாள்தனம்தானே” என்று நீங்களே உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். இறங்கிவிடுங்கள். விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்பதற்காக, தவறான கூற்றால் ஏமாந்தவரின் உரிமை போய்விடாது என்பது 1881இலேயே ‘ரெட்கிரேவ் எதிர் ஹர்ட்’ வழக்கில் நிலைபெற்ற கருத்து.

காலம்தான் உங்கள் உண்மையான எதிரி. ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுக் காலவரம்பு. நீங்கள் ஐந்தரையைக் கடந்துவிட்டீர்கள். மோசடி என்று நிரூபித்தால் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு தொடங்கும். ஆனால் 1913 என்று அச்சிட்ட புத்தகத்தில் ‘கண்டுபிடித்திருக்கக்கூடிய நாள்’ எது என்ற வாதத்தை நான் நீதிமன்றத்தில் வைக்க விரும்ப மாட்டேன். ஆறு ஆண்டு முடிவதற்குள் மனு போட்டுவிடுவதே பாதுகாப்பு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் கேட்பது கடினமாக இருக்கும். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த சாலிஸ்பரி தேவாலயம் என்று 1944இல் 85 பவுண்டுக்குப் படம் வாங்கிய ஒருவர், ஐந்து ஆண்டு கழித்து அது கான்ஸ்டபிளுடையது அல்ல என்று தெரிந்து திருப்பப் போனபோது, தாமதம் என்று நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பின் கடுமை பிற்காலத்தில் தளர்ந்திருக்கிறது; இருந்தாலும் அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம். இழப்பீடு கேளுங்கள். கையெழுத்து இல்லாத அந்த இரண்டு தொகுதிகளுக்குச் சில நூறு பவுண்ட் மதிப்பு உண்டு. அதைக் கழித்த மீதி உங்கள் கோரிக்கை. 10,000 பவுண்டுக்குள் என்பதால் சிறு கோரிக்கை முறையில் போகும். வழக்கறிஞர் வைத்தால் அவருடைய கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது, ஆகவே முதல் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்: வாங்கிய நாள், அவர் சொன்ன விவரம், ஸ்காட் இறந்த ஆண்டு, நூல் வெளியான ஆண்டு, நீங்கள் கேட்கும் தொகை, பதிலுக்கு ஒரு கெடு. ஒரு பக்கம் போதும். கோபம் வேண்டாம்.

இனி நீங்கள் விற்றால்

‘புதிதாகப் பொய் சொல்லவில்லை’ என்கிறீர்கள். விற்றவரின் வாசகத்தை நீங்கள் மறுபடி எழுதும் நொடியில் அது உங்கள் கூற்று. உண்மையைச் சொல்லப்போனால், உங்களுக்கு விற்றவர் அறியாமையால் சொல்லியிருக்கக்கூடும்; நீங்கள் அறிந்தே சொல்கிறீர்கள். 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின் 2ஆம் பிரிவு கேட்பது இரண்டே விஷயம்தான்: பொய் என்று, அல்லது பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தே ஒரு கூற்றைச் சொன்னீர்களா, ஆதாயத்துக்காக நேர்மையின்றிச் செய்தீர்களா. உச்சத் தண்டனை பத்து ஆண்டு. நண்பர் சொன்னது, நீங்கள் எனக்கு எழுதியது, நான் உங்களுக்கு எழுதுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

‘உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று போட்டு விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு மேலே ‘ஸ்காட் கையெழுத்திட்டது’ என்று இருக்கும்வரை அது உங்களைக் காப்பாற்றாது. வழக்கு முடிந்த பிறகு, “1913 முதற்பதிப்பு, முன்தாளில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கையெழுத்து, ஆசிரியருடையது அல்ல” என்று ரசீதிலேயே எழுதி விற்பதில் தவறில்லை. அந்தத் தாளை வெட்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். வெட்டாதீர்கள். சாட்சியமும் போகும், புத்தகத்தின் மதிப்பும் போகும்.

மற்ற இரண்டும் நிற்கின்றன

இனி கொஞ்சம் மூச்சு விடலாம். ஷாக்கிள்டன் புத்தகத்தில் நீங்கள் சந்தேகப்பட்ட காரணம் தாள் பழுத்திருப்பது. அது சந்தேகத்துக்கு எதிரான அடையாளம். ‘சவுத்’ நூல் முதல் உலகப் போர் முடிந்த உடனே, நல்ல காகிதம் கிடைக்காத நேரத்தில் அச்சானது. அந்தத் தாள் பழுத்துத்தான் ஆகும். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் நான் பயந்திருப்பேன். நாட்காட்டிச் சோதனையையும் இங்கே செய்து பார்த்தேன். நூல் 1919 இறுதியில் வந்தது. அவர் 1921 செப்டம்பரில் குவெஸ்ட் கப்பலில் கிளம்பி 1922 ஜனவரி 5 அன்று தெற்கு ஜார்ஜியா தீவில் இறந்தார். ஆகவே கையெழுத்திட இரண்டு ஆண்டுக்கும் குறைவான அவகாசம்தான். உங்கள் பிரதியில் 1920 மார்ச் என்று தேதி இருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஹாலில் நாளுக்கு இருமுறை தன் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடனில் இருந்தவர், பேச வேண்டியிருந்தது. கேட்க வந்த யாரோ புத்தகத்தை நீட்டியிருக்கலாம். இதனால் கையெழுத்து மெய்யென்று ஆகிவிடாது; பொருந்துகிறது, அவ்வளவே.

ஒரு திருத்தம். தலைப்புப் பக்கத்தில் 1919 என்று இருப்பதால் மட்டும் அது முதல் அச்சு ஆகிவிடாது. அடுத்த பக்கத்தில் மறு அச்சுக் குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, வணிகர் ‘முதற்பதிப்பு, முதல் அச்சு’ என்று எழுதியிருந்தால், அங்கே நீங்கள் நினைத்த 2015ஆம் ஆண்டுச் சட்டமே உதவும். 30 நாளுக்குள் திருப்பும் உரிமை முடிந்துவிட்டது. ஆறு மாதமும் கடந்துவிட்டதால் குறையை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் பழம்புத்தக வணிகர் சங்கம் 1906இலிருந்து இருக்கிறது, அதன் உறுப்பினர்களுக்குத் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அக்கறை உண்டு. உங்கள் வணிகர் உறுப்பினரா என்று பார்த்துவிட்டு, வழக்கைப் பற்றிப் பேசாமல், ஒரு தேநீர் குடிக்கப் போவதுபோலப் போய்க் கேளுங்கள்.

எவரெஸ்ட் புத்தகத்தில் டென்சிங்கின் எழுத்து ‘குழந்தை எழுதியதுபோல’ இருப்பதாகப் பயந்திருக்கிறீர்கள். டென்சிங் பள்ளிக்குப் போகாதவர். தன் பெயரை எழுத வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர். கோணலாக இருப்பது அவரை மறுக்கும் காரணம் ஆகாது. 1953இலிருந்து டென்சிங் இறந்த 1986 வரை மூவரும் உயிரோடு இருந்தார்கள் என்பதால் இங்கே நாட்காட்டி உதவாது. ஏலப் பட்டியலின் வாசகம்தான் முக்கியம். ‘கையெழுத்திட்டது’ என்பதும் ‘கையெழுத்து காணப்படுகிறது’ என்பதும் ஏல உலகில் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் ‘நாங்கள் பொறுப்பேற்கவில்லை’ என்பதன் நாகரிக வடிவம். நேரில் போய்க் கலந்துகொள்ளும் வாய்ப்புள்ள பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்குபவருக்கு நுகர்வோர் சட்டத்தின் பெரும்பகுதி கிடையாது. முழுக்க இணையத்திலேயே நடந்த ஏலம் என்றால் நிலை மாறும். உங்கள் கடிதத்தில் எது என்று இல்லை. ஏல நிபந்தனைகளில் போலிப் பொருளைத் திருப்பும் கெடு எத்தனை நாள் என்று இன்றே படியுங்கள்.

மனைவி, ஊர், மற்றவை

கூட்டுக் கணக்கிலிருந்து பணம் எடுத்தது குற்றமில்லை. ஆனால் ‘ரசீது என் பெயரில்தான் இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை எனக்கு எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடும்ப நீதிமன்றம் ரசீதின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. அதைவிட, வழக்குக் கடிதத்துக்கு வரும் பதில் உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வரும். அது வருவதற்கு முன் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

ஊருக்குக் கொண்டு போவது பற்றி: இங்கிலாந்திலிருந்து 50 ஆண்டு கடந்த, கையால் எழுதப்பட்ட ஆவணங்களை வெளியே கொண்டு செல்ல எந்த மதிப்பானாலும் உரிமம் தேவைப்படலாம், அச்சுப் புத்தகங்களுக்கு மதிப்பு வரம்பு மிக உயரம், உங்களுடையவை அதை எட்டாது. இந்தியாவில்தான் கவனம் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. உங்கள் 1913, 1919 நூல்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. பின்னால் மகள் அவற்றை லண்டனில் விற்க நினைத்தால் சிக்கல் வரும். இறக்குமதியின்போதே ரசீதுகளோடு பட்டியல் போட்டு ஆவணமாக்குங்கள். விற்கக்கூடியவற்றை இங்கேயே விற்றுவிடுவது அதைவிட எளிது. தாமிரபரணிக் கரை ஈரமும் இராமபாணப் பூச்சியும் வேறு இருக்கின்றன.

இனிமேலும் வாங்கப் போகிறீர்கள் என்று தெரியும், நிறுத்தச் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். அப்படியானால் பதிப்பாளரே கையெழுத்தைச் சான்றளித்த பிரதிகளின் பக்கம் போங்கள். ஷாக்கிள்டனின் 1909ஆம் ஆண்டு நூலுக்கு 300 படிகள் மட்டும் அச்சிட்ட சிறப்புப் பதிப்பு உண்டு; அதன் கூடுதல் தொகுதியில் கரையில் தங்கிய குழுவினர் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஸ்டான்லியின் 1890ஆம் ஆண்டு ஆப்பிரிக்கப் பயண நூலுக்கு அவர் கையெழுத்திட்ட 250 படிகள். எண்ணிட்டவை, கைமாறிய வரலாறு தேடக்கூடியவை. விலை உங்களை மூன்று மாதம் யோசிக்க வைக்கும், அதுவும் நல்லதுதான்.

கடைசியாக அந்தப் பென்சில் கிறுக்கல்கள். நீங்கள் அனுப்பிய நான்காவது படத்தில் முன்தாளின் மேல் மூலையைப் பாருங்கள். மங்கலாக ‘2 தொகுதி, £140’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஏதோ கடைக்காரரின் குறியெழுத்து இருக்கிறது. இவ்வளவு குறைந்த விலை, கையெழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதுவும் தாத்தாவின் அலமாரியிலேயே இருந்ததாகச் சொல்லப்பட்ட புத்தகத்தில். உங்கள் வழக்கில் அந்தச் சான்றிதழைவிட இந்தப் பென்சில் வரி பெரிய சாட்சி. அழிப்பானை எடுத்து வைத்துவிட்டு, அந்த மூலையை நல்ல வெளிச்சத்தில் இன்னும் இரண்டு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.